கிந்தா ஆற்றங்கரையில் தொடங்கட்டும் கடற்கரைப் பாடம்

தஞ்சோங் துவாலாங் என்றதும் பேராக்கில் யாருக்கும் நினைவுக்கு வருவது உடாங் காலாதான். நீண்ட நீலக் கொடுக்குள்ள அந்தப் பெரிய ஆற்று இறாலுக்காகவே வார இறுதிகளில் ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் கார்கள் வரிசை கட்டி வருகின்றன. பத்துகாஜாவிலிருந்து தெற்கே போனால் அரை மணி நேரத்தில் ஊர் வந்துவிடும். கடல் அங்கிருந்து வெகுதூரம். ஆறும் பழைய ஈய லம்பத்துக் குட்டைகளும்தான் சுற்றிலும். அதனால் இந்த இறாலுக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அதன் குஞ்சு உப்பில்லாமல் பிழைக்காது.

இதைக் கண்டறிந்தது நம் பக்கத்து மாநிலத்தில்தான். 1960களின் தொடக்கத்தில், பினாங்கு குளுகோரில் இருந்த மீன்வள ஆய்வுக்கூடத்தில், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் நிபுணர் ஷாவ் வென் லிங் இந்த இறாலைத் தொட்டியில் பொரிக்க வைத்தார். முட்டை பொரிந்தது, குஞ்சுகள் சில நாளில் செத்தன. தீனியை மாற்றிப் பார்த்தும் பலனில்லை. நீரில் உப்பு சேர்ந்த பிறகுதான் அவை உயிர் தரித்தன. தாய் இறால் ஆற்றில் வாழ்ந்தாலும் முட்டையைச் சுமந்துகொண்டு முகத்துவாரத்தை நோக்கி இறங்கும். குஞ்சு உவர்நீரில் வளர்ந்து, உருமாறி, பிறகு ஆற்றை எதிர்த்து மேலே ஏறி வரும். உலகம் முழுவதும் இன்று நடக்கும் ஆற்று இறால் வளர்ப்புத் தொழிலுக்கு அந்தத் தொட்டிதான் தொடக்கம்.

கடற்கரை மேலாண்மைக்கு ஒரு பல்கலைக்கழகப் பாடத்திட்டம் வகுக்கச் சொன்னால் நான் முதல் பக்கத்தில் இந்த இறாலைத்தான் வைப்பேன். கடற்கரை எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு அது உயிருள்ள பதில். தெலுக் இந்தானுக்குக் கீழே ஆற்று முகம் கெட்டால் ஆற்றில் வாழும் இறாலுக்கு வம்சம் இல்லை. மேலே மண் கலங்கினால் கீழே மீனவனுக்கு வலை இல்லை. ஆனாலும் நம் நாட்டில் கடற்கரையைப் படிப்பது என்றால் கடல் ஓரத்தில் உள்ள ஊருக்குப் போய்ப் படிப்பது என்றே வைத்திருக்கிறோம். கடல் அறிவியலுக்குப் பேர்போன மலேசியா திரங்கானு பல்கலைக்கழகம் கிழக்குக் கரை மணலில் இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் கடலோர ஆய்வு மையம் பினாங்கு தெலுக் பஹாங்கில் இருக்கிறது. இரண்டும் நல்ல வேலை செய்கின்றன. பேராக்கின் சேற்றுக் கரைக்கும் அதற்குப் பின்னால் இருக்கும் ஆற்றுக்கும் என்று ஒரு வகுப்பறை மட்டும் இல்லை.

அந்த வகுப்பறை பத்துகாஜாவைச் சுற்றி அமைய வேண்டும் என்பதே என் கோரிக்கை. கடலே தெரியாத ஊரில் கடற்கரைப் படிப்பா என்று கேட்பவர்கள், பத்துகாஜாவுக்கும் தஞ்சோங் துவாலாங்குக்கும் இடையில் நிற்கும் ஈயக் கப்பலை ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும். 1938இல் கட்டப்பட்டது, எடை சுமார் 4,500 டன், 1982 வரை ஓடியது. வாளிச் சங்கிலி குளத்தடி மண்ணை வாரிக் கொண்டுவரும். உள்ளே சல்லடைகளும் குலுக்குத் தொட்டிகளும் கனமான ஈயத் தாதை மட்டும் பிடித்து நிறுத்தும். மிச்ச மணலும் களிமண்ணும் பின்பக்கம் வழியாக மறுபடி குளத்திலேயே விழும். சுற்றுலாப் பயணிகள் அதன் பிரமாண்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஒரு கடற்கரை மாணவன் அங்கே நின்று கேட்க வேண்டிய கேள்வி வேறு: இப்படிக் குளம் கட்டிக்கொண்டு வேலை செய்யும் கப்பல்கள் வருவதற்கு முன்னால், நீரைப் பீய்ச்சி மலைச்சரிவைக் கரைத்த காலத்தில், அந்தச் சேறெல்லாம் எங்கே போனது?

ஆற்றுக்குத்தான் போனது. ரயில் வருவதற்கு முன் கிந்தா ஆறுதான் இந்த வட்டாரத்தின் நெடுஞ்சாலை. ஈயம் படகில் இறங்கியது, அரிசி படகில் ஏறியது. 1890களில் ரயில் வந்தபிறகு ஆற்றின் ஆழத்தைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் அவசியமில்லாமல் போயிற்று. லம்பத்துச் சேறு படுகையை உயர்த்திக்கொண்டே வந்தது. 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளம் வந்தபோது தூர்ந்துபோன ஆறுகளால் அந்த நீரைத் தாங்க முடியவில்லை. வடிகால் நீர்ப்பாசனத் துறை என்ற ஓர் இலாகாவே 1932இல் உருவானதற்கு இப்படிப்பட்ட அனுபவங்களும் பின்னணி. அதற்குள் இன்னொரு மாற்றமும் வந்துவிட்டது. கிந்தாவின் லம்பங்களுக்கு மின்சாரம் கொடுப்பதற்காகப் பேராக் ஆற்றில் செண்டரோ அணை எழுந்தது; 1930இல் மின்சாரம் வந்தது. பிறகு மேலே தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங் என்று அணைகள் அடுக்கடுக்காக வந்தன. அணை நீரை விடும், வண்டலைப் பிடித்துக்கொள்ளும். போதாததற்கு ஆற்றிலிருந்தும் லம்பத்து நிலங்களிலிருந்தும் மணல் லாரி லாரியாகப் போகிறது.

ஆக, நூறு வருடத்துக்குள் ஒரே ஆற்றமைப்பில் முதலில் மண் அளவுக்கு மீறி இறங்கியது. பிறகு அதன் வழி மறிக்கப்பட்டது. கீழே பாகான் டத்தோ கரையில் இந்த இரண்டும் எப்படித் தெரிகின்றன, எவ்வளவு தெரிகின்றன என்பதை அளப்பதுதான் நான் சொல்லும் பாடத்தின் முதுகெலும்பு. இதற்கு ஆழ்கடல் கப்பல் எதுவும் வேண்டாம். ஒரு படகு, கலங்கல் அளக்கும் கருவி, நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள், பொறுமை. ஒரே ஆற்றை ஒரே இடங்களில் ஆண்டுதோறும் மாணவர்கள் மாறி மாறி அளந்து வந்தால், பத்தாண்டில் எந்த ஆலோசனை நிறுவனத்திடமும் இல்லாத ஓர் ஏடு நம் கையில் இருக்கும்.

அரிப்பு நமக்குப் புதிய செய்தி அல்ல. 1985இல் முடிந்த தேசியக் கடற்கரை அரிப்பு ஆய்வு, நாட்டின் கரையில் சுமார் 29 விழுக்காடு அரிபட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னது. அதற்குப் பிறகு 1987இல் வடிகால் நீர்ப்பாசனத் துறையில் கடற்கரைப் பொறியியலுக்கென்று ஒரு மையம் வந்தது. பாறைச் சுவர்கள் வந்தன. கரையோர மேலாண்மைத் திட்டங்கள் வந்தன. பொறியியல் பக்கம் நாம் சும்மா இருக்கவில்லை. ஆனால் கரையைத் தீர்மானிக்கும் முடிவுகளில் பாதி பொறியாளரின் மேசைக்கு வருவதே இல்லை. நில அலுவலகத்தில், நகரமன்றத்தில், வனத்துறையில், தோட்டக் கம்பெனியின் அலுவலகத்தில் முடிந்துவிடுகின்றன. அந்த மேசைகளில் உட்காரப் போகிறவர்களை எங்கே தயார் செய்கிறோம்?

இங்கேதான், பத்துகாஜாவைச் சுற்றி. ஸ்ரீ இஸ்கண்டாரில் 1997இல் தொடங்கிய பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கடலுக்குள் எண்ணெய் மேடை கட்டும் பொறியாளர்களை உருவாக்குகிறது. அதே ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள யூஐடிஎம் கிளை நகரத் திட்டமிடலும் நில அளவையும் கற்றுக்கொடுக்கிறது. தெற்கே கம்பாரில் 2007 முதல் உத்தார் வளாகம் இயங்குகிறது. அதன் கட்டடங்களுக்கு நடுவே கிடக்கும் ஏரிகள் எல்லாம் பழைய ஈயக் குட்டைகள்தான். பொறியாளர், திட்டமிடுபவர், உயிரியல் படித்தவர் என மூன்று தரப்பும் ஒரு மணி நேரச் சுற்றளவுக்குள் படிக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் பட்டம் வாங்கிப் போகிறார்கள். பத்து வருடம் கழித்து ஒரு கரை உடைப்பைப் பற்றிய கூட்டத்தில் முதல்முறையாகச் சந்திக்கிறார்கள்; ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிவதில்லை.

அதனால் ‘கடற்கரை மேலாண்மை இளங்கலை’ என்று புதிய பட்டம் ஒன்று ஆரம்பிப்பதை நான் ஆதரிக்கவில்லை. வேலை விளம்பரங்களில் ‘கடற்கரை மேலாளர்’ என்ற பதவியை நாம் பார்ப்பது அபூர்வம். பெயர் அழகாக இருக்கும் பட்டத்தோடு பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, வேலைக்கு அவர்களே வழி தேடிக்கொள்ளட்டும் என்று விடுவது அநியாயம். மூன்று பல்கலைக்கழகங்களும் ஒப்புக்கொண்டு பொதுவாக நடத்தும் 12 கிரெடிட் போதும். நம் தகுதிநிலை ஆணையமான எம்கியூஏயின் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. 12 கிரெடிட் என்றால் 480 மணி நேரம். சிவில் பொறியியல் பட்டத்தோடோ, திட்டமிடல் பட்டத்தோடோ, அறிவியல் பட்டத்தோடோ இதைச் சேர்த்து எடுக்கலாம். ஒரே நிபந்தனை: மூன்று துறை மாணவர்களும் ஒரே படகில் போக வேண்டும், ஒரே அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த 480 மணி நேரத்தில் பெரும்பகுதியை நான் சேற்றுக்கும் அலையாத்திக் காட்டுக்கும் கொடுப்பேன். காரணம், பேராக் கையில் வைத்திருக்கும் மிகப் பெரிய கடற்கரைப் பாடநூல் மாத்தாங் காடு. சுமார் 40,000 ஹெக்டர். நூறு வருடத்துக்கும் மேலாகத் திட்டமிட்டு வெட்டி, திட்டமிட்டு வளர்க்கப்படும் காடு. முப்பது வருடத்துக்கு ஒருமுறை ஒரு துண்டை முழுக்க வெட்டுகிறார்கள். மரம் கோலா செப்பெத்தாங் கரிச்சூளைகளுக்குப் போகிறது. இடையில் பதினைந்தாம் வருடமும் இருபதாம் வருடமும் களைந்துவிடுகிறார்கள். களைவதற்கு அவர்கள் வைத்திருக்கும் கருவி ஒரு குச்சி. முதல் களைப்புக்கு 1.2 மீட்டர், இரண்டாவதுக்கு 1.8 மீட்டர். நேராக வளர்ந்த நல்ல பாக்காவ் மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் குச்சியின் ஒரு முனையை வைத்துச் சுற்றி வந்தால், குச்சி தொடும் வட்டத்துக்குள் இருக்கும் மற்ற மரங்கள் வெட்டப்படும். அடுத்த நல்ல மரம் அந்த வட்டத்துக்கு வெளியே. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பிழையில்லாமல் செய்யக்கூடிய விஞ்ஞானம் அது. முதலாண்டு மாணவன் கையில் அந்தக் குச்சியைக் கொடுத்து முழங்கால் சேற்றில் அரை நாள் நிற்க வைத்தால், காட்டு மேலாண்மை பற்றிய பல மணி நேர விரிவுரை மிச்சமாகும்.

ஆனால் மாத்தாங்கை மட்டும் படித்தவன் அரைகுறைதான். தமிழ்நாட்டில் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிச்சாவரத்தையும் அவன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அங்கேயும் ஆங்கிலேயர் காலத்திலிருந்து துண்டு துண்டாக முழுக்க வெட்டும் முறையே இருந்தது. 1970கள் வரை நடந்தது. மாத்தாங்கில் காடு திரும்பி வந்தது, பிச்சாவரத்தில் வரவில்லை. வெட்டிய இடத்தில் வெயில் பட்டுச் சேறு காய்ந்து, தரை பள்ளமாகத் தாழ்ந்தது. பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வெளியேற வழியின்றி ஆவியானது. உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. அலையாத்திக்கும் தாங்காத உப்பு. பேராக் கரையில் பெரிய ஏற்றத்தின்போது நீர்மட்டம் இரண்டு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். வெட்டிய துண்டைக் கடல் வந்து கழுவிவிட்டுப் போகும். பிச்சாவரத்தில் அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரை எட்டுவதே அரிது. முறை ஒன்று, ஓதம் வேறு, முடிவும் வேறாயிற்று.

பிச்சாவரத்தை எப்படி மீட்டார்கள் என்பது தோட்டத்தில் பிறந்த எவருக்கும் உடனே புரியும். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் கிராம மக்களோடு சேர்ந்து கான் வெட்டினார்கள். ஓடையிலிருந்து ஒரு பெரிய கான்; அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகப் பிரியும் சின்னக் கான்கள், மீன் முள் மாதிரி. கடல்நீர் உள்ளே வந்து வெளியே போக வழி கிடைத்தது. உப்பு இறங்கியது. கான் ஓரத்தில் நட்ட கன்று பிழைத்தது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நம் நாடு உட்பட எத்தனையோ கரைகளில் ஆர்வத்தோடு அலையாத்திக் கன்று நட்டார்கள். அரிபடும் சேற்றில் நட்டவை பலவும் அடுத்த பருவத்தைப் பார்க்கவில்லை. எங்கே நடுவது என்பதற்கு முன்னால் தண்ணீர் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பாடத்தைத் தமிழ்நாட்டில் கற்பிப்பவர்கள் அதற்கேற்ற இடத்தில் இருக்கிறார்கள்: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தின் கரையிலேயே பல்லாண்டுகளாக இயங்குகிறது. வகுப்பு முடிந்து படியிறங்கினால் கழிமுகம். பேராக் மாணவர் ஒரு பருவம் அங்கே போய்ப் படிக்க ஒப்பந்தம் செய்வது ஒன்றும் கடினமான காரியமில்லை. மொழித் தடையும் நம் பிள்ளைகளுக்கு இல்லை.

கான் என்றதும் நம் வட்டாரத்தின் இன்னொரு பெரிய அறிவுச் சொத்து நினைவுக்கு வருகிறது. அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. பாகான் டத்தோ, ஹூத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தென்னை, செம்பனைத் தோட்டங்களைப் பாருங்கள். அந்த நிலத்தில் பெரும்பகுதி கடலேற்றத்தின்போது கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மண்கரை ஒன்றுதான் இரண்டையும் பிரிக்கிறது. கரையின் ஊடே தண்ணிக் கதவு. கடல் ஏறும்போது வெளியிலிருந்து வரும் அழுத்தத்தில் கதவு தானாக மூடிக்கொள்ளும். கடல் இறங்கும்போது உள்ளே கானில் நிறைந்த மழைநீர் அதைத் தள்ளித் திறக்கும். ஒரு கட்டையோ செடியோ சிக்கிக் கதவு கால் அடி திறந்தே இருந்துவிட்டால் ஓர் இரவில் உப்பு உள்ளே ஏறிவிடும். இந்தக் கரைகளைக் கட்டவும் கான்களை வெட்டவும் கதவுகளைக் காக்கவும் உழைத்தவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பலர். நண்டு வளை எங்கே இருந்தால் கரை உடையும், எந்தப் பௌர்ணமிக்குக் கண் விழிக்க வேண்டும், கானை அளவுக்கு மீறி ஆழமாக்கினால் தண்ணீர் ஏன் துருநிறமாகப் புளித்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கடைசி விஷயத்துக்கு மண் அறிவியலில் விரிவான விளக்கம் உண்டு. கடற்சேற்றில் உறங்கும் கந்தகச் சேர்மம் காற்றுப் பட்டதும் அமிலமாகிறது. அதோடு, வடித்த களிமண் சுருங்கித் தாழ்கிறது. உள்ளே நிலம் தாழ, வெளியே கடல் உயர, நடுவில் நிற்கும் கரைக்கு ஆண்டுக்கு ஆண்டு பாரம் கூடுகிறது. இதை எந்த ஆய்வேடும் சொல்லும். எந்தக் கதவு எந்த வருடம் தோற்றது, அப்போது எத்தனை வரிசைத் தென்னை பட்டது என்பதைச் சொல்ல அங்கே வாழ்ந்தவர் வேண்டும். அவர்களில் பலர் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். தோட்டம் விட்டுத் தாமான் வீடுகளில் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். நான் சொல்லும் பாடத்தில் ஒரு முழு பேப்பர், மூன்று கிரெடிட், அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுவதற்கு ஒதுக்கப்பட வேண்டும். அவர்களை ‘தகவல் தந்தவர்’ என்று அடிக்குறிப்பில் தள்ளாமல், பயிற்றுநராகப் பெயர் போட்டு, மதிப்பூதியம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அது சிக்கலானது என்றாலும். நம் கூட்டரசு அமைப்பில் நிலமும் காடும் மாநிலத்தின் கையில். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கூட்டரசுச் சட்டம். 1987ஆம் ஆண்டு உத்தரவுப்படி 50 ஹெக்டரும் அதற்கு மேலும் கடலை நிரப்பினால் மதிப்பீடு கட்டாயமாக இருந்தது. அதற்குக் கீழே துண்டு போட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க மாணவனுக்குச் சட்டப் பட்டம் தேவையில்லை. எல்லைக் கோடு கரையைப் பிரிக்கும்போது என்ன நடக்கும் என்பதற்குப் புதுச்சேரியைக் காட்டலாம். 1980களின் கடைசியில் அங்கே துறைமுகம் கட்டினார்கள். அந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் அதை நிறுத்திவிட்டது. நகரத்தின் கடற்கரை மணல் காணாமல் போனது. நகரத்தைக் காக்கப் பாறை கொட்டினார்கள். அரிப்பு அடுத்து வடக்கே, தமிழ்நாட்டு மீனவக் கிராமங்களுக்கு நகர்ந்தது. மஞ்சோங்கில் கடலை நிரப்பி உருவாக்கிய தீவில் நிலக்கரி மின்நிலையம் வைத்திருக்கும் நமக்கு, தெலுக் ரூபியாவில் இரும்புத் தாது இறக்கும் நீண்ட துறைமேடை வைத்திருக்கும் நமக்கு, இது யாரோ ஒருவருடைய கதை ஆகாது.

தேர்வு முறையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்று மணி நேர எழுத்துத் தேர்வில் ‘கடற்கரை மேலாண்மையின் கோட்பாடுகளை விளக்குக’ என்று கேட்டால் மனப்பாடம்தான் வரும். அதற்குப் பதிலாக, மாணவர் குழு நில அலுவலகத்துக்கு ஒரு குறிப்பு எழுதட்டும். மலாயில், இரண்டு பக்கம். இந்த இடத்தில் மணல் எடுக்க உரிமம் நீட்டிக்கலாமா, கூடாதா? இந்தக் கரையை உயர்த்துவதா, பின்வாங்கி அலையாத்திக்கு இடம் விடுவதா? செலவு எவ்வளவு, யாருக்கு நஷ்டம்? பொறியியல் மாணவர் கணக்கைப் போட, திட்டமிடல் மாணவர் வரைபடத்தைப் போட, அறிவியல் மாணவர் உயிர்களின் கணக்கைச் சொல்ல, மூவரும் ஒரு முடிவுக்கு வந்தே ஆக வேண்டும். படிப்பவர் ஒரு மாவட்ட அதிகாரியாக இருக்கட்டும். மதிப்பெண்ணில் பாதியை அவரே போடட்டும்.

நம் சமுதாயத்துக்கு இதில் என்ன என்று கேட்கலாம். எஸ்பிஎம் முடிவு வந்ததும் நம் வீடுகளில் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தகம் என்ற வரிசைதான் பேச்சு. அது தப்பில்லை, தோட்டத்திலிருந்து வெளியேற அந்த ஏணி எத்தனையோ குடும்பங்களுக்கு உதவியிருக்கிறது. ஆனால் கடலோரத் தோட்டங்களிலும் அவற்றை ஒட்டிய கம்பங்களிலும் இன்னும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வீட்டு வாசலுக்குத்தான் கடல் வருகிறது. அங்கே கரை எப்படிக் கட்டப்படும், யாருடைய வீடு கரைக்கு வெளியே விடப்படும் என்பதைத் தீர்மானிக்கும் அறையில் அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்க வேண்டும். பொறியியலோ நில அளவையோ படிக்கப் போகும் பிள்ளை கூடவே இந்த 12 கிரெடிட்டையும் எடுத்துக்கொண்டால், வேலைக் கதவு எதுவும் மூடாது, இன்னொன்று திறக்கும்.

பணம் எங்கே என்ற கேள்விக்கும் பதில் ஆற்றிலேயே இருக்கிறது. பேராக்கில் மணல் எடுப்பவர்கள் மாநிலத்துக்கு ராயல்டி கட்டுகிறார்கள். அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினாலே படகுக்கும் அளவைக் கருவிகளுக்கும் மூத்த தொழிலாளர்களின் மதிப்பூதியத்துக்கும் போதும். பாகான் டத்தோ, கீழ்ப்பேராக், மஞ்சோங், கிரியான் கடலோரப் பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளமும் அதிலிருந்து கொடுக்கலாம். மாநிலச் சட்டமன்றத்தில் அடுத்த வரவு செலவுத் திட்டம் தாக்கலாகும்போது நம் உறுப்பினர்கள் இந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கட்டும். மூன்று பல்கலைக்கழகங்களின் தலைவர்களும் அதற்குள் ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து, 12 கிரெடிட்டை எந்தப் பருவத்தில் வைப்பது என்று பேசி முடிக்கட்டும்.